வீட்டில் இசை கேட்க ஏற்ற ஹெட்போன் எது?

இசை இறைவன் தந்த இனிய கொடை என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்தக் கொடை நம் காதுக்குள் வந்து சேரும் வழி இனிதாக இருக்கிறதா என்பதை யாரும் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு வரை நாங்களும் எண்ணிப் பார்க்கவில்லை. அக்காளும் தங்கையுமான நாங்கள் இருவரும் (ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு) ஒரு ஹெட்போனைத் தவறாக வாங்கி, பிறகு சரியாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்த வரலாற்றை இங்கே எழுதுகிறோம். ஹெட்போனைக் 'காதொலிப்பான்' என்று எழுதலாமே என்று தமிழம்மா சொன்னார். எழுதிப் பார்த்தோம், வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆகவே ஹெட்போன் என்றே இருக்கட்டும்.

எங்கள் தாத்தா இளமையில் பங்குக் கோவில் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவர். விரல்கள் நடுங்கத் தொடங்கியபின் வாசிப்பதை விட்டுவிட்டார், கேட்பதை விடவில்லை. இரவு செபமாலை முடிந்து, பாட்டிக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்தபின், கட்டில் இருக்கும் அறையிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் கேட்பார். லால்குடி ஜெயராமனின் வயலினும் பாக் இயற்றிய ஆர்கன் இசையும் அவருக்கு மிகவும் விருப்பம். பழைய கேசட்டுகளில் இருந்ததை எல்லாம் மாமா கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். பாட்டி இரண்டு ஆண்டுகளாக எழுந்து நடமாட முடியாதவர். அவர் தூங்க வேண்டும் என்பதால்தான் ஹெட்போன்.

மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய ஹெட்போன் பதினோர் ஆண்டுகள் உழைத்தபின் ஒரு பக்கம் ஊமையாயிற்று. நாங்கள் கிறிஸ்துமஸ் காசைச் சேர்த்து 900 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கி, தாத்தாவின் பிறந்த நாளில் கொடுத்தோம். கறுப்பு நிறம், மடித்து வைக்கலாம், கையில் எடுத்தால் காற்றைப்போல் இலேசு. தாத்தா அன்றே மாட்டிக்கொண்டு சிரித்தார். இரண்டு வாரத்தில் இசை கேட்பதையே நிறுத்திவிட்டார். கேட்டால், "இப்பல்லாம் மனசு போக மாட்டேங்குது தாயி" என்றார். பாட்டியின் நோயால் மனம் சோர்ந்துவிட்டார் என்று அம்மா கவலைப்பட்டார். நாங்களும் அப்படியே நம்பினோம். ஒரு சனிக்கிழமை தாத்தாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட தங்கைதான் பார்த்தாள்: இரண்டு காதுகளின் மேல் மடிப்பிலும், மூக்குக் கண்ணாடியின் கம்பி அமரும் இடத்திலும் சிவந்து தடித்திருந்தது. பேத்திகள் ஆசையாய் வாங்கித் தந்ததை வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

சரி, ஏன் வலிக்கிறது? நம் புறக்காது குருத்தெலும்பால் ஆனது. அதன்மேல் மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. கன்னத்தைப்போல் கொழுப்பு மெத்தை அதற்கு இல்லை. காதுமடலின் அடியில், கம்மல் போடும் இடத்தில் மட்டுமே குருத்தெலும்பு இல்லாத மென்மையான சதை உண்டு. ஆகவே காதின்மேல் எதையேனும் வைத்து அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலி எடுக்கும். கண்ணாடி அணிந்தவராயின் கம்பி ஒரு பக்கம், குஷன் மறுபக்கம், நடுவில் காது. எங்கள் 900 ரூபாய் ஹெட்போன் இந்த வகையைச் சேர்ந்தது: காதின்மேல் உட்காரும் வகை. காதைச் சுற்றி, அதாவது காது முழுவதும் கிண்ணத்துக்குள் அடங்க, மண்டை எலும்பின்மேல் அமர்வது மற்றொரு வகை. காதுத் துளைக்குள் செருகும் சிறு வகையும் உண்டு. அதைத் தாத்தா ஒரு நிமிடம்கூட வைத்துக்கொள்ள மாட்டார் என்பதால் அதைப்பற்றி நாங்கள் ஆராயவில்லை.

முதலில் இருப்பதையே சரிசெய்யலாம் என்று நினைத்தோம். ஹெட்போனின் தலைப்பட்டை ஒரு வில். விரித்தால் மீண்டும் சுருங்கப் பார்க்கும். அந்த விசைதான் காதை நெருக்குகிறது. எவ்வளவு நெருக்குகிறது என்று தெரிய வேண்டாமா? இயற்பியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்தின் சுருள்வில் தராசை ஒரு மாலை வேளை வாங்கினோம். ஒரு கிண்ணத்தை மேசைக்காலில் கயிற்றால் கட்டி, மறு கிண்ணத்தைத் தராசின் கொக்கியில் மாட்டி, இடைவெளி 15 செ.மீ. ஆகும்வரை இழுத்தோம். அதுதான் தாத்தாவின் தலையில் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு உள்ள அகலம். தராசு 650 கிராம் காட்டியது. நியூட்டனில் சொன்னால் ஏறத்தாழ 6.4.

இங்கே எங்களுக்குள் ஒரு சண்டை மூண்டது. 650 கிராம் இரண்டு காதுக்கும் சேர்த்து, ஆகவே ஒரு காதுக்குப் பாதி என்றாள் தங்கை. அக்காளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சிஸ்டர் சிரித்துவிட்டு, மேசைக்காலுக்குப் பதிலாக இன்னொரு தராசைக் கட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டிப் பார்த்தோம். இரண்டும் 650-ஐயே காட்டின! நியூட்டனின் மூன்றாம் விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் அக்காள். இருந்தும் ஒவ்வொரு காதும் முழு 6.4 நியூட்டனையும் தாங்குகிறது என்பது அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

வில்லைத் தளர்த்துவதற்கு ஒரு வழி உண்டு. தலையைவிடச் சிறிது அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஹெட்போனை இரவு முழுவதும் மாட்டி வைக்க வேண்டும். தலைப்பட்டைக்குள் எஃகுத் தகடு இருந்தால்தான் இது பலிக்கும். வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் விரிசல் விழக்கூடும். நாங்கள் அடுக்கியதில் வேதாகமமும் இருந்ததைக் கண்ட அம்மா அதை உருவிக்கொண்டு போனார். பழைய பாடநூல்களே போதுமாயின. மூன்று இரவுக்குப்பின் தராசு 540 கிராம் காட்டியது. தாத்தா மீண்டும் அணிந்தார். முன்பு இருபது நிமிடத்தில் வந்த வலி இப்போது நாற்பது நிமிடத்தில் வந்தது. விசையைக் குறைத்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிந்தது.

விடை ஏழாம் வகுப்பிலேயே படித்ததைப்போல எளிதானது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. எங்கள் ஹெட்போனின் குஷன் 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், பரப்பு ஏறத்தாழ 28 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 0.23 நியூட்டன். அதிலும் காதின் மேடான பகுதிகள்தாம் குஷனைத் தொடுகின்றன. ஆகவே அங்கே உண்மையான அழுத்தம் இதைவிடக் கூடுதலே. காதைச் சுற்றி அமரும் வகையில் விசை ஒரு வளையம் முழுவதும் பரவுகிறது. காதைத் தொடுவதே இல்லை. இதைக் கண்டபின் கடையில் எடையை மட்டும் பார்த்து ஏமாந்தோமே என்று வெட்கமாக இருந்தது. இலேசானது இதமானது என்றுதானே நினைத்தோம்! எங்கள் ஹெட்போன் 160 கிராம்தான் இருந்தது.

எடை என்பதும் ஒதுக்கிவிடக் கூடியதன்று. 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டபோது அதனுடன் வந்த ஹெட்போன் சுமார் 50 கிராம்தான்; அக்காலத்து ஹெட்போன்கள் பல 300, 400 கிராம் இருந்தன. மெல்லிய வளைகம்பியும் பஞ்சு வட்டமுமாக, காதை நெருக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, 1984-இல், அமெரிக்காவின் காஸ் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டா புரோவில் காதுக்கு மேலே நெற்றிப்பொட்டின் பக்கம் இரண்டு சிறு மெத்தைகளை வைத்து, நெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார்கள். காதின்மேல் உட்காரும் வகையிலும் அறிவோடு செய்தால் வலியைக் குறைக்கலாம் என்பதற்கு இவை சான்று. மாறாக, 2020-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட கம்பியில்லா ஹெட்போன் ஏறத்தாழ 385 கிராம். பேட்டரியும் உலோகமும் சேர்ந்தால் எடை ஏறத்தான் செய்யும். அந்த எடை முழுவதையும் உச்சந்தலை தாங்க வேண்டும். எங்கள் தாத்தாவுக்கோ உச்சியில் முடி இல்லை (இதை எழுத அவர் அனுமதித்துவிட்டார்). குறுகிய பட்டை அவர் தலையில் கோடு போட்டுவிடும். அகலமான, உள்ளே மெத்தை வைத்த பட்டை வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

அடுத்தது காதின் அளவு. இதை யாரும் அளப்பதில்லை என்று நினைக்கிறோம். வீட்டில் எல்லாருடைய காதையும் ஸ்கேலால் அளந்தோம். எங்களுக்கு 5.8-உம் 5.9-உம், அப்பாவுக்கு 6.5, தாத்தாவுக்கு 7.2 செ.மீ. தாத்தாவின் காது மட்டும் ஏன் இவ்வளவு பெரிது? வயதாக ஆகக் காது நீள்கிறதாம். 1995-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஜேம்ஸ் ஹீத்கோட் என்ற மருத்துவர் முப்பது வயதுக்கு மேற்பட்ட 206 பேரின் காதுகளை அளந்து, ஆண்டுக்குச் சராசரி 0.22 மி.மீ. நீள்வதாக எழுதினார். ஐம்பது ஆண்டுக்கு ஒரு செ.மீ.க்கும் மேல்! இளைஞரின் காதுக்குப் பொருந்தும் கிண்ணம் முதியவரின் காது நுனியை மிதிக்கும். ஆகவே குஷனின் வெளி அளவைப் பார்த்துப் பயனில்லை. நடுவிலுள்ள குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் காதின் விளிம்பு உள்ளே இருக்கும் தட்டில் உரசி, அதுவே புண்ணாக்கும். வட்டக் குழியைவிட நீள்வட்டக் குழி காதின் வடிவத்துக்கு ஒத்துவரும்.

குஷன் எதனால் ஆனது என்பதில் எங்களைப்போல் கடலோர ஊரில் வாழ்வோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ரெக்சின்போல் பளபளக்கும் குஷன்களின் மேல்தோல் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல முறித்துவிடும். வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பர். வியர்வையும் தலை எண்ணெயும் அதை விரைவுபடுத்தும். பழைய ஹெட்போனைக் கழற்றும்போது தாத்தாவின் காதைச் சுற்றிக் கறுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருந்தது இந்தத் தோல்தான் என்று இப்போது தெரிகிறது. அழுக்கு என்று எண்ணி எத்தனை முறை துடைத்துவிட்டோம்! வெல்வெட் போன்ற துணி போர்த்திய குஷன் அப்படி உரிவதில்லை, வியர்க்கும்போது ஒட்டாது, கண்ணாடிக் கம்பிக்கும் சற்று இடம் கொடுக்கும். கழற்றக்கூடிய துணி உறையாக இருந்தால் இலேசான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். எதுவாயினும் சில ஆண்டுகளில் உள்ளிருக்கும் பஞ்சு அமுங்கிப் போகும். ஆகவே மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட எச்டி 600 என்ற ஹெட்போனை இன்றும் பலர் வைத்திருப்பதற்கு, அதன் குஷன், கம்பி எல்லாவற்றையும் தனித்தனியே மாற்ற முடிவதும் ஒரு காரணம். விலை எங்களுக்கு எட்டாது. படத்தில் பார்த்ததோடு சரி.

இனி எங்கள் வீட்டுக்கு மிகவும் முக்கியமான கேள்விக்கு வருகிறோம். ஹெட்போனின் பின்பக்கம் மூடியிருக்க வேண்டுமா, திறந்திருக்க வேண்டுமா?

1910-இல் நதானியேல் பால்ட்வின் என்ற அமெரிக்கர் யூட்டா மாநிலத்தில் தம் சமையலறையில் செய்த ஹெட்போனைக் கடற்படை வாங்கியது. கம்பியில்லாத் தந்தி கேட்பவர்களுக்காக. 1958-இல் ஜான் காஸ் மில்வாக்கி நகரில், இசை கேட்பதற்கென்றே இரு பக்கமும் வெவ்வேறு ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1968-இல் சென்ஹைசர் எச்டி 414 வந்தது. மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த அந்த ஹெட்போனின் பின்பக்கம் அடைக்கப்படவில்லை. திறந்த வகை அதிலிருந்துதான் பரவியது. மூடிய வகையில் வெளி ஒலி உள்ளே வராது. உள் ஒலி வெளியே போகாது. காது வெந்து வியர்க்கும். அதோடு கண்ணாடிக் கம்பி குஷனைத் தூக்கினால் அந்தச் சந்து வழியே அடித்தள ஒலிகள் கசிந்து, மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். திறந்த வகையில் காற்றோட்டம் உண்டு. இசை நம் முன்னே அறையில் ஒலிப்பதுபோல் இருக்கும். ஆனால் அருகில் இருப்பவர்களுக்கும் மெலிதாகக் கேட்கும். பேருந்திலும் விடுதியிலும் அதனால்தான் திறந்த வகை உதவாது.

எங்களுக்கு வந்த தயக்கமும் அதுவே. கசியும் ஒலி பாட்டியின் தூக்கத்தைக் கெடுத்தால்? ஆயினும் மூடிய வகையில் இன்னொரு குறை இருந்தது. அதை அணிந்திருந்த இரவுகளில் பாட்டி கூப்பிட்டால் கேட்குமோ கேட்காதோ என்று தாத்தா ஒரு காதைத் திறந்து வைத்திருந்தாராம். ஒரு காதில் லால்குடியும் மறு காதில் பாட்டியின் மூச்சும். வலியைவிட அதுதான் தமக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு சொன்னார். ஆகவே திறந்த வகை என்று முடிவு செய்தோம்.

மின்தடையைப்பற்றி ஒரு சொல். ஹெட்போனின் மேல் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று போட்டிருப்பார்கள். 250, 300 ஓம் உள்ளவற்றைக் கைப்பேசியில் நேரடியாகச் செருகினால் ஒலி பெரும்பாலும் சன்னமாகவே வரும். தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும். எங்களுக்கு 32 போதும். முனை 3.5 மி.மீ. என்பதையும் பார்த்துக்கொண்டோம், பெரிய முனை 6.35 மி.மீ. இருக்கும், கைப்பேசியில் நுழையாது.

கடையில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்ப்பது போதவே போதாது. எந்த ஹெட்போனும் ஒரு நிமிடம் இதமாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை நாங்கள் தாத்தாவையே அழைத்துப் போனோம். கண்ணாடியோடு அணிந்து, தலையைக் குனிந்து நிமிர்ந்து, வாயை அசைபோட்டு (மெல்லும்போது காதுக்கு முன்னுள்ள எலும்பு அசைகிறதல்லவா), அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் முகம் கோணியது. அப்பா முழு விலையையும் முன்பணமாகக் கொடுத்து, இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்டார். விலை மூவாயிரத்துச் சொச்சம். எங்கள் உண்டியல் போக மீதியை அப்பாவும் மாமாவும் ஏற்றார்கள். எந்த நிறுவனத்தின் ஹெட்போன் என்று இங்கே எழுதவில்லை. விளம்பரம்போல் ஆகிவிடும் என்றார் சிஸ்டர். அளவுகளை மட்டும் தருகிறோம். எடை 265 கிராம். தலைப்பட்டை அகலம். குஷன் துணி. குழி 7.5 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. அகலம். நெருக்கும் விசை எங்கள் தராசில் 440 கிராம், அதாவது 4.3 நியூட்டன். தலையில் படும் வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 40 சதுர செ.மீ. வகுத்துப் பார்த்தால் சதுர செ.மீ.க்கு 0.11 நியூட்டன், முதல் ஹெட்போனில் பாதிக்கும் குறைவு. எடை நூறு கிராம் கூடியும் வலி இல்லை.

வலி இல்லை என்பதாலேயே ஓர் ஆபத்தும் உண்டு. நெடுநேரம் கேட்கத் தோன்றும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரமும், சிறுவர்கள் 75 டெசிபலை 40 மணி நேரமும் கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். திறந்த வகையில் மின்விசிறிச் சத்தம் உள்ளே வருவதால் ஒலியைக் கூட்டிவிடக் கை நீளும். தாத்தாவின் அறையில் விசிறியை ஒரு படி குறைத்து வைத்தோம். எங்களில் இளையவள் பேருந்தில் போகும்போது வைத்துக் கேட்ட அளவை அப்பா ஒரு நாள் பார்த்துவிட்டு, அதன்பின் பேருந்தில் கேட்பதே இல்லை என்றாகிவிட்டது.

முதல் இரவு நாங்கள் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு கதவருகே கவனித்திருந்தோம். தாத்தா முக்கால் மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி, "ஏங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டார். தாத்தா ஹெட்போனைக் கழற்றாமலே, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். "வேண்டாம். அதுல இருந்து எறும்பு பாடுற மாதிரி ஒரு சத்தம் வருது" என்றார் பாட்டி. தாத்தா பதறி நிறுத்தப் போனார். "நிறுத்தாதீங்க. நாற்காலியக் கொஞ்சம் இங்கிட்டுப் போடுங்க" என்றார் பாட்டி.

இப்போது நாற்காலி கட்டிலை ஒட்டியே கிடக்கிறது. மாற்றுக் குஷன் ஒரு ஜோடி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறோம். தோழியர் யாருக்கேனும் தம் வீட்டு ஹெட்போனை அளந்து பார்க்க விருப்பம் இருந்தால், சுருள்வில் தராசு இயற்பியல் ஆய்வகத்தில் சன்னலோர அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. சிஸ்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கவும்.